தாழ்நிலத்தில் ஒரு மலைப்பயிற்சி

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது மலைக்கும் மலைசார்ந்த இடத்துக்கும் குறிஞ்சி எனப் பெயரிட்டு, அதற்கெனத் தெய்வமும் தொழிலும் ஒழுக்கமும் வகுத்தனர். எனினும் அம்மரபிலே மலை என்பது மக்கள் வாழும் இடமாகவும் வழிபடும் இடமாகவுமே கொள்ளப்பட்டது. தினைப்புனங் காக்கவும் தேனெடுக்கவும் தெய்வத்தைத் தொழவும் மலையேறினரேயன்றி, உச்சியை அடைவதொன்றையே பயனாகக் கருதி ஏறினரல்லர். அவ்வாறு ஏறும் வழக்கம் மிகப் பிற்பட்டது. அல்ப்ஸ் தொடரின் உயர்ந்த சிகரமாகிய மொன் பிளாங்கில் மனிதர் முதன்முதலாகக் கால்வைத்த 1786ஆம் ஆண்டையே அதன் தொடக்கமாகக் கூறுவர். அதற்கு 167 ஆண்டுகளின் பின், 1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலரியும் எவரெஸ்ற் சிகரத்தை அடைந்தனர். இலங்கையர் ஒருவர் அங்கு நிற்பதற்கு மேலும் 63 ஆண்டுகள் சென்றன.

2016ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் விடியற்காலையில் ஜயந்தி குரு உதும்பால அவ்வுச்சியை அடைந்தார். அவர் அங்கு நின்ற அதே வாரத்திலே கொலன்னாவை நீருள் நின்றது. பெருமழையால் களனி கங்கை பெருக்கெடுத்து, கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகளை மூழ்கடித்திருந்தது. கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே உடைய அச்சதுப்பு நிலத்தில் மக்கள் படகுகளிலே ஏற்றப்பட்டு, பாடசாலைகளிலும் வழிபாட்டிடங்களிலும் தங்கவைக்கப்பட்டனர். அவ்வாறு தங்கியிருந்தோருள் உயர்தர வகுப்பில் பயின்றுகொண்டிருந்த தமிழ் இளைஞன் ஒருவனும் இருந்தான். ஈரம் காயாத பாயொன்றில் அமர்ந்து, அருகிலிருந்தவரின் வானொலிப் பெட்டியில் அவன் அச்செய்தியைக் கேட்டான். உலகின் மிகத் தாழ்ந்த மூலையொன்றில் தான் இருக்கையில், தன் நாட்டுப் பெண் ஒருத்தி மிகவுயர்ந்த இடத்தில் நிற்கின்றாள் என்ற எண்ணம் அவன் நெஞ்சில் ஊன்றியது. கொலன்னாவையான் ஒருவன் மலைப்பயிற்சியிலே புகுந்த கதை இங்குதான் தொடங்குகின்றது.

அவனுடைய ஊரில் மலை இல்லாமலில்லை. கொழும்பு மாநகரின் கழிவுகள் மீதொட்டமுல்லையிலே ஆண்டுக்கணக்காகக் கொட்டப்பட்டுக் குன்றாக எழுந்திருந்தன. அதன் அடியில் வாழ்ந்த குடும்பங்களுள் அவனுடையதும் ஒன்று. சிறுவயதில் அவன் பட்டம் விடுவதற்கு அதன்மீது ஏறியதுண்டு. மலை என்ற சொல்லுக்கு அவன் கண்முன்னே இருந்த பொருள் அதுவே. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று பிற்பகலிலே, அக்குன்று சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவனுடைய குடும்பத்தினர் உயிர் தப்பினர், வீடு தப்பவில்லை. அடியிலிருந்த மென்மையான சதுப்பு மண், மேன்மேலும் ஏற்றப்பட்ட பாரத்தைத் தாங்கமாட்டாது விலகியமையே சரிவுக்குக் காரணம் என ஆராய்ந்தோர் கூறினர். தாங்குவதற்கு நிலம் ஆயத்தமாகுமுன் உயரத்தைக் கூட்டிக்கொண்டே சென்றதன் விளைவு அது. அப்போது அவன் அதனை ஒரு மண்ணியற் செய்தியாக மட்டுமே கேட்டான். ஆறாண்டுகள் கழித்து, வேறொரு மலையில், அது தன் உடம்பைப் பற்றிய செய்தியாக மாறும் என அவன் அறிந்திருக்கவில்லை.

வீடிழந்த குடும்பத்துக்குப் பன்னிரண்டு மாடிகள் கொண்ட குடியிருப்பொன்றின் ஒன்பதாம் மாடியிலே வதிவிடம் கிடைத்தது. தாழ்நிலத்திற் பிறந்தவனுக்கு ஏறுவதற்கெனப் படிக்கட்டு ஒன்று வாய்த்தது அவ்வாறே. பல்கலைக்கழகம் புகுந்தபின், நடைப்பயணங்களில் ஆர்வங்கொண்ட தோழன் ஒருவனின் தூண்டுதலால், இமயத்தின் எவரெஸ்ற் அடிவார முகாம் வரையேனும் சென்றுவருவது என்ற முடிவுக்கு அவன் வந்தான். பிரத்தியேக வகுப்புகள் நடத்திப் பணம் சேர்த்தான். மகனின் எண்ணத்தை அறிந்த தாய் ஒன்றே ஒன்று கேட்டார்: "மலையைப் பாத்தது காணாதா, மகன்? அது எங்கட வீட்டுக்குள்ளேயே வந்ததுதானே." இதற்கு அவனிடம் மறுமொழி இருக்கவில்லை. முச்சக்கரவண்டி ஓட்டும் தந்தையோ, செலவைக் கேட்டுவிட்டு மௌனமானார்.

உயர்மலை ஏறுவதற்குரிய ஆயத்தத்தைப் பலர் உடற்பலத்தைப் பெருக்குதல் எனவே கருதுவர். உண்மையில் அதன் முதற்பாடம் பொறுமையாகும். வாரத்தில் நான்கு நாட்கள், விடியுமுன், பன்னிரண்டாம் மாடிவரை ஏறி இறங்கினான். மாடியொன்றுக்கு மூன்று மீற்றர் எனக் கொண்டால், நிலத்தளத்திலிருந்து மேல்மாடிக்கு 33 மீற்றர். அவ்வாறு முப்பது தடவை ஏறினால் ஏறத்தாழ 1,000 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலையின் உச்சிக்குள்ள ஏற்றமும் அவ்வளவே. முதல் மாதத்தில் வெறுங்கையுடனும், பின்னர் முதுகுப்பையில் ஐந்து கிலோ, எட்டுக் கிலோ, பன்னிரண்டு கிலோ எனச் சிறிது சிறிதாகப் பாரத்தைக் கூட்டியும் ஏறினான். ஏறும்போது அருகிலிருப்பவருடன் தொடர்ந்து உரையாட முடியவேண்டும். உரையாட முடியாது மூச்சு வாங்கினால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். நெடுநேரம் களைக்காது உழைப்பதற்கு இதயத்தைப் பழக்கும் வழி அதுவேயாம்.

பாரத்துக்கு அவன் மணலைப் பயன்படுத்தவில்லை, நீர்ப்போத்தல்களைப் பயன்படுத்தினான். இதற்கொரு காரணம் உண்டு. ஏறும்போது தொழிற்படுவன நெஞ்சும் காலுமாயின், இறங்கும்போது அடிபடுவன முழங்கால்களே. ஆதலாற் பாரத்துடன் ஏறி, மேலே நீரை ஊற்றிவிட்டு, வெறும் பையுடன் இறங்குதல் பயிற்சியாளர் கையாளும் முறை. 2022ஆம் ஆண்டிலே இம்முறைக்கு எதிர்பாராத பயனொன்று ஏற்பட்டது. எரிபொருளும் அந்நியச் செலாவணியும் அற்றுப்போன அவ்வாண்டின் மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. மின்தூக்கி ஓடவில்லை; நீரை மேலேற்றும் இயந்திரமும் ஓடவில்லை. மேல்மாடிகளில் வாழ்ந்த முதியோர் குடிநீருக்குத் தவித்தபோது, வீணே ஊற்றப்பட்டுவந்த நீர் அவர்தம் குடங்களில் ஊற்றப்பட்டது. பெரும் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் கொலன்னாவையிலே தந்தை எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நிற்க, மகன் பஸ்ஸின்றிப் பல்கலைக்கழகத்துக்கு நடந்து சென்றான். அந்நடையும் பயிற்சிக் கணக்கிலேயே சேர்ந்தது.

படிக்கட்டுத் தரும் பயிற்சி ஒருமுகமானது. கல்லும் வேரும் சேறும் காற்றும் அதில் இல்லை. ஆகவே மலைநாட்டுப் பயணங்கள் தொடர்ந்தன. ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து, ஏறத்தாழ 2,390 மீற்றர் உயரமான கிரிகல்பொத்தையை நோக்கி ஈரநிலத்தினூடாக நடந்தனர். புதிய காலணியை மலைக்குக் கொண்டுசெல்லுமுன் காலோடு பழக்குதல், ஈரக் காலுறையை உடனே மாற்றுதல், கொப்புளம் எழுமுன்னரே சூடு உறுத்தும் இடத்தை ஒட்டி மூடுதல் முதலிய சிறுபாடங்கள் அங்கே கற்கப்பட்டன. சிறுபாடங்கள் என்றமையால் அவை இழிந்தனவல்ல. பெருமலைகளிலே பலரைத் திருப்பியனுப்புவது பனிச்சரிவன்று, ஒரு கொப்புளமே.

யாத்திரைக் காலத்திலே மூன்று தடவை சிவனொளிபாதமலை ஏறினர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைக் கொண்ட அம்மலையின் உயரம் 2,243 மீற்றர். முதற்பயணத்தில் இளைஞன் இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறினான். அவ்வேளையில், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தவாறு மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். பல்லாண்டு கொழுந்துக்கூடை சுமந்து சரிவுகளில் நின்ற கால்கள் அவருடையவை. இளைஞன் அவரை முந்துவதும், களைத்து இளைப்பாறுவதும், அவர் அவனைக் கடப்பதுமாக ஐந்தாறு முறை நிகழ்ந்தது. கடைசித் தடவை கடக்கும்போது அவர் நின்று கூறினார்: "மலையோட போட்டி போடாதீங்க தம்பி. காலைச் சின்னதா எடுத்து வைங்க, மூச்சு தானா வரும்." உச்சியை அவரே முதலில் அடைந்தார். தோழன் அவ்வறிவுரையை ஏற்றுக்கொண்டான். இளைஞன் சிரித்துக்கொண்டான், அடுத்த இரு பயணங்களில் அவன் இன்னும் விரைவாக ஏறினான். கைக்கடிகாரத்திலே தன் நேரம் குறைந்துவருவதைக் கண்டு மகிழ்ந்தான்.

இவ்விடத்தில் இலங்கையின் பயிற்சியாளருக்குள்ள ஓர் இடர்ப்பாட்டைக் கூறுதல் வேண்டும். எவரெஸ்ற் அடிவார முகாமுக்குச் செல்வோர் நடையைத் தொடங்கும் லுக்லா என்னும் ஊர் ஏறத்தாழ 2,850 மீற்றர் உயரத்தில் உள்ளது. இலங்கையின் மிகவுயர்ந்த மலையாகிய பிதுருதாலகாலையின் உயரமோ 2,524 மீற்றர். அஃதாவது, இந்நாட்டின் உச்சி அந்நாட்டின் தொடக்கத்தினும் தாழ்ந்தது. காலைப் பழக்குவதற்கு இங்கே இடமுண்டு. குருதியைப் பழக்குவதற்கு இடமில்லை. வளியில் ஒட்சிசனின் பங்கு எவ்வுயரத்திலும் நூற்றுக்கு 21 அளவினதே. குறைவது வளியின் அமுக்கமாகும். 5,500 மீற்றரளவில் அவ்வமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் பாதி. எவரெஸ்ற் உச்சியில் மூன்றிலொரு பங்கு. மூச்சொன்றிற் கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வாறே குறைகின்றது. இதற்கு உடல் தன்னைத் திருத்திக்கொள்ளும். சில மணித்தியாலங்களில் மூச்சு மிகும். சில நாட்களில் சிறுநீரகங்கள் குருதியின் காரத்தன்மையைச் சீர்செய்யும். சில வாரங்களில் செங்குழியங்கள் பெருகும். இவற்றுள் எதனையும் விரைவுபடுத்த மன உறுதியால் இயலாது.

ஆதலினாலேயே 3,000 மீற்றருக்கு மேல் உறங்கும் உயரத்தை இரவொன்றுக்கு 500 மீற்றருக்கு மேற்படக் கூட்டலாகாது எனவும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்கல் வேண்டும் எனவும் விதித்துள்ளனர். பகலில் உயர ஏறி இரவில் தாழ இறங்கி உறங்குதல் மலையேறுவோர் யாவருக்கும் பொது விதி. எவரெஸ்றில் ஏறுவோர் முகாம்களிடையே பல தடவை ஏறியிறங்கிய பின்னரே உச்சியை நோக்கிப் புறப்படுவர். பனிக்கோடரி பிடிக்கவும், காலணியின் அடியிலே இரும்பு முட்களைப் பூட்டி நடக்கவும் வேண்டுமாயின் வெளிநாட்டுப் பயிற்சியும் வேண்டும். 1954இல் டார்ஜிலிங்கில் நிறுவப்பட்ட இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்திலேயே ஜயந்தியும் பயின்றார். அவரும் ஜொஹான் பீரிசும் எவரெஸ்றுக்கு முன்னர் 6,189 மீற்றர் உயரமான இம்ஜா சே சிகரத்துக்குச் சென்று தம்மைச் சோதித்தனர். தமிழ்நாட்டின் கோவளம் என்ற கடலோர ஊரைச் சேர்ந்த இராஜசேகர் பச்சையும், விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வியும் 2023ஆம் ஆண்டு மே மாதத்திலே எவரெஸ்றை அடைந்தனர். கடலோரத்தான் மலையுச்சி அடைய இயலாது என்பதன்று. தன் குருதி மாறும்வரை காத்திராமல் அடைய இயலாது என்பதே உண்மை.

2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் இரு தோழரும் லுக்லாவிலிருந்து நடக்கத் தொடங்கினர். வழிகாட்டியாக வந்த நேபாளியர் நடுவயதினர். அவர் நாள்தோறும் பலமுறை கூறிய சொல் 'பிஸ்தாரை' என்பது. மெதுவாக என்பது அதன் பொருள். இளைஞனின் கால்கள் மெதுவாகச் செல்ல மறுத்தன. ஆண்டுக்கணக்கில் மாடிப்படியிலே பெற்ற வலிமை அவனை முன்னே இழுத்தது. 3,440 மீற்றர் உயரமான நாம்சே பஜாரை அவன் எல்லோருக்கும் முன்னர் அடைந்தான். ஓய்வுக்குரிய நாட்களிலும் ஓயாது குன்றுகளில் ஏறித்திரிந்தான். தோழனோ, சிவனொளிபாதமலை மூதாட்டியின் மாணவன் போல, சிற்றடி வைத்துக் கடைசியாக வந்து சேர்ந்தான்.

4,400 மீற்றருக்கு மேல், டிங்போச்சேயில், இளைஞனுக்குத் தலைவலி கண்டது. அவன் அதனை மறைத்தான். வழிகாட்டி கேட்டபோது நன்றாக உறங்கியதாகக் கூறினான். சேர்த்த பணமும், தந்தையின் மௌனமும், தாயின் வினாவும் அவனை அவ்வாறு கூறச் செய்தன. இடையிலே நின்றுவிட்டால் தாயின் அச்சமே சரியென்றாகிவிடும் என அவன் எண்ணினான். 4,900 மீற்றருக்கு மேலுள்ள லொபுச்சேயை அடைந்த இரவில் வாந்தியெடுத்தான், உறக்கம் வரவில்லை. விடிந்ததும் காலணியின் கயிற்றைக் கட்ட முயன்றபோது விரல்கள் முடிச்சை மறந்திருந்தன. அதனைக் கண்ட வழிகாட்டி அவனை வெளியே அழைத்துச் சென்று, குதிகாலின் முன்னே மறுகாலின் விரல் படும்படி நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் அவன் தடுமாறினான். பன்னிரண்டு கிலோ சுமந்து முப்பது தடவை மாடியேறியவன், சமதரையில் நான்கு அடிக்கு மேல் நடக்க இயலாது நின்றான்.

மலைநோயிலே தலைவலியும் வாந்தியும் தொடக்கக் குறிகள். நடை தடுமாறுதல் மூளையில் நீர் கோக்கும் நிலையின் எச்சரிக்கை. அதற்குத் தலையாய மருந்து இறங்குதலே. வலிமையுடையோரை இந்நோய் விட்டுவிடும் என்பது பொய். வலிமையுடையோர் விரைந்து ஏறுதலால் அவர்களை அது விரைந்து பற்றுவதும் உண்டு. இளைஞன் வாதிட்டான், இன்னும் ஒரு நாள் நடை மட்டுமே எஞ்சியுள்ளது என்றான். வழிகாட்டி வாதிடவில்லை. அவனுடைய பையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு கீழ்நோக்கி நடக்கத் தொடங்கினார். உதவியாளுடன் தோழன் மேலே சென்றான். மறுநாள் 5,364 மீற்றர் உயரமான அடிவார முகாமை அடைந்தான். இளைஞன் பெரிச்சே என்னும் ஊருக்கு இறங்கி, அங்குள்ள சிகிச்சை நிலையத்தில் மருந்து பெற்றான். ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தபின் தலை தெளிந்தது.

தெளிந்த தலையில் முதலில் எழுந்த நினைவு மீதொட்டமுல்லையைப் பற்றியது என்று அவன் பின்னர் தன் தோழனிடம் கூறினான். அடிநிலம் ஆயத்தமாகுமுன் உயரத்தைக் கூட்டினால் குன்று சரியும். பிறர் செய்த அக்குற்றத்தைத் தன் உடம்புக்குத் தானே செய்ததாக அவன் உணர்ந்தான். தாயின் அச்சம் மலையைப் பற்றியதன்று, அளவறியாது குவித்தலைப் பற்றியது என்பதும் அவனுக்கு அப்போதே விளங்கியது.

ஜொஹான் பீரிசின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 2016இல் அவர் 8,400 மீற்றர் வரை ஏறி, ஒட்சிசன் போதாமையாற் திரும்பினார். உச்சிக்கு எஞ்சியிருந்தது ஏறத்தாழ 450 மீற்றர். இரண்டாண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள், அவர் அவ்வுச்சியில் நின்றார். முன்னர் திரும்பியிராவிடின் பின்னர் நின்றிருக்கமாட்டார். ஏறியவர்களின் பெயரை நாடு நினைவில் வைத்திருக்கும். திரும்பிய கணத்தில் ஒருவர் செய்யும் முடிவை எவரும் கொண்டாடுவதில்லை. ஆயினும் மலைப்பயிற்சி முழுவதற்கும் தேர்வு நடைபெறுவது அக்கணத்திலேயே எனல் மிகையாகாது.

இளைஞன் கொலன்னாவைக்குத் திரும்பிய அன்றிரவு தாய் சோறு பரிமாறியபடி, "மேல போனியோ?" என்று கேட்டார். "இல்லை அம்மா. ஏலாமல் போச்சு. இறங்கிட்டன்" என்றான். அவர் மேலும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினார், வேறெதுவும் கேட்கவில்லை. இரு வாரங்கள் சென்றபின் ஒருநாள் விடியுமுன், அவன் பையை எடுக்க எழுந்தபோது, சமையலறையிலே விளக்கு எரிந்தது. பயிற்சிக் காலம் முழுவதும் அவன் தேடியெடுக்கும்படி கட்டிலின் அடியிலும் அலுமாரியின் பின்னும் ஒளிக்கப்பட்டுவந்த போத்தல்கள், அன்று நீர் நிரம்பி மேசைமீது வரிசையாக நின்றன. அவற்றுள் ஐந்தை மட்டும் அவன் பையில் வைத்துக்கொண்டு, படிக்கட்டிலே சிற்றடி எடுத்துவைத்து ஏறத் தொடங்கினான்.